வேரோடு பெயர்ந்த முதுமரங்கள்



மலைநாட்டிலே மஸ்கெலியாவுக்குச் சென்றவர்கள் மவுசாகலை நீர்த்தேக்கத்தைக் கண்டிருப்பார்கள். மழை பொய்த்து நீர்மட்டம் மிகவும் தாழ்கின்ற ஆண்டுகளில், பழைய மஸ்கெலியா நகரத்தின் கோயிலும் விகாரையும் பள்ளிவாசலும் இடிந்த நிலையில் அந்நீரின் அடியிலிருந்து வெளித்தோன்றும். 1960களில் அங்கே அணை எழுந்தமையால் மூழ்கிப்போன நகரம் அது. சுற்றுவட்டாரத்து மக்கள் கூட்டங் கூட்டமாகச் சென்று அவ்விடிபாடுகளைப் பார்த்து வருவர். மழை பெய்து நீர் ஏறியதும் அவை மீண்டும் மறைந்துவிடும்.

ஓர் ஊர் நீரில் மூழ்கப் போகின்றது என்று அறிந்தால், அவ்வூரிலிருந்து எவற்றையெல்லாம் எடுத்துச் செல்லலாம்? பண்டம் பாத்திரங்களையும் ஆடு மாடுகளையும் கொண்டு போகலாம். வீட்டின் கதவு நிலைகளைக் கழற்றிச் செல்லலாம். தெய்வத் திருவுருவங்களைப் புதிய கோயிலிலே எழுந்தருளச் செய்யலாம். ஊரின் நடுவே பல தலைமுறைகளாக நிற்கின்ற முதிய மரத்தை என் செய்வது? இந்த வினாவுக்கு 1960ஆம் ஆண்டிலே யப்பான் தேசத்தில் விடை காண முயன்றார்கள். அந்த வரலாற்றையும், முதிர்ந்த மரமொன்றைப் பெயர்த்து வேறிடத்தில் நடுவதிலுள்ள நுட்பங்களையும் இன்று உங்களுக்கு எடுத்துக்கூற விழைகின்றேன்.

யப்பானின் நடுப்பகுதியிலே மலைகள் செறிந்த கிபு என்னும் மாகாணம் உண்டு. சோ என்னும் ஆறு அம்மலைகளினூடே வடக்கு நோக்கிப் பாய்கின்றது. உலகப் போரின் பின்னர் மின்சக்திப் பற்றாக்குறையால் வருந்திய யப்பான், 1952இல் மின்வள அபிவிருத்திக்கெனத் தனியாக ஒரு நிறுவனத்தை அமைத்தது. சோ ஆற்றின் குறுக்கே மிபோரோ என்னுமிடத்தில், கல்லும் மண்ணும் கொண்டு 131 மீற்றர் உயரமான பேரணை ஒன்றைக் கட்ட அந்நிறுவனம் திட்டமிட்டது. அணை எழுந்தால் சோகாவா, சிராகாவா என்னும் கிராமப் பகுதிகளைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் தம் வீடு வாசல்களையும் வயல்களையும் விட்டு வெளியேற நேரும்.

அம்மக்கள் எளிதில் இணங்கினாரல்லர். உயிரைக் கொடுத்தேனும் ஊரைக் காப்போம் என்று பொருள்படும் பெயருடன் ஒரு சங்கம் அமைத்துப் போராடினார்கள். 1956இல் நிறுவனத்தின் உப தலைவர் அவர்களுக்கு ஓர் உறுதிப்பத்திரம் எழுதிக் கொடுத்தார். ஊரை விட்டுப் போக நேர்ந்தால், இன்று இருப்பதிலும் மேலான மகிழ்ச்சியோடு வாழ்கின்றோம் என்று அவர்களே எண்ணத்தக்க வழிவகைகளை நிறுவனம் செய்து கொடுக்கும் என்பதே அதன் சாரம். வீட்டுக்கும் வயலுக்கும் விலை மதிக்கலாம். மகிழ்ச்சியைப் பத்திரத்தில் எழுதிக் கொடுப்பது எத்துணைப் பெரிய வாக்குறுதி என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். இறுதியில் 1959 நவம்பரில், ஏறக்குறைய ஏழு ஆண்டுப் போராட்டத்தின் பின்னர், அந்தச் சங்கம் கலைக்கப்பட்டது.

அதனைக் கலைப்பதற்குக் கூடிய கூட்டத்துக்கு ஒரு முதியவர் வந்திருந்தார். தத்சுனொசுகே தகாசாகி என்பது அவர் பெயர். மின்வள நிறுவனத்தின் முதல் தலைவராக இருந்து அணைத் திட்டத்தை முன்னின்று தொடக்கியவர் அவரே. 1955இல் பாண்டுங் நகரில் கூடிய ஆசிய ஆபிரிக்க மாநாட்டை ஒழுங்கு செய்த ஐந்து நாடுகளுள் நமது நாடும் ஒன்றென்பதை நேயர்கள் அறிவீர்கள். அந்த மாநாட்டுக்கு யப்பானின் பிரதிநிதியாகச் சென்றவரும் இந்தத் தகாசாகியே. கூட்டம் முடிந்தபின் அவர், நீரில் மூழ்கவிருந்த நிலத்தைச் சுற்றிப் பார்த்தார். அப்போது கோரின்ஜி என்னும் பௌத்த ஆலயத்தின் முற்றத்தில் நின்ற மிகப் பெரிய சகுரா மரம் அவர் கண்ணிற்பட்டது. நானூறு ஆண்டுக்கு மேற்பட்டதென மதிக்கப்பட்ட மரம் அது. ஊரைக் காப்பாற்ற இயலாது. இந்த மரத்தையாவது காப்பாற்ற முடியாதா என்ற எண்ணம் அவருக்கு உண்டாயிற்று.

அவர் சிந்தாரோ சாசபே என்பவரை நாடினார். சாசபே தோக்கியோ பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றவர். ஆயினும் உத்தியோகம் எதனையும் நாடாது, சகுரா மரங்களை ஆராய்வதிலும் வளர்ப்பதிலுமே தம் வாழ்நாளையும் செல்வத்தையும் செலவிட்டவர். தகாசாகிக்கு அப்போது வயது 75, சாசபேக்கு 73. மரத்தை வந்து பார்த்த சாசபே முதலில் தயங்கினார். அவர் தயங்கியதற்குத் தக்க காரணம் உண்டு. அதனை விளங்கிக்கொள்ள, ஒரு மரத்தின் வேர் எவ்வாறு இயங்குகின்றது என்பதைச் சிறிது அறிதல் வேண்டும்.

மரத்தைத் தாங்கி நிற்கின்ற பருத்த வேர்களே மரத்துக்கு நீரூட்டுகின்றன என்று நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அது முற்றும் சரியன்று. முதிர்ந்து பட்டை பிடித்த வேர்கள் மரத்தை நிலத்தோடு பிணித்து நிற்கின்றன, உணவைச் சேமித்து வைக்கின்றன, நீரைக் கடத்துகின்றன. நிலத்திலிருந்து நீரை உறிஞ்சும் பணியைப் பெரும்பாலும் செய்பவை, நுனியிலுள்ள நூல் போன்ற இளவேர்களும் அவற்றின் வேர்மயிர்களுமே. இவ்விளவேர்களிற் பெரும்பாலானவை நிலத்தின் மேற்புறத்து இரண்டு மூன்று அடி மண்ணிலேதான் உள்ளன. அவை மரத்தின் நிழல் விழும் எல்லையையும் கடந்து வெகுதூரம் பரந்திருக்கும்.

ஆகவே, அடிமரத்தைச் சுற்றித் தோண்டி மண்ணோடு தூக்கும்போது, உறிஞ்சும் வேர்களில் மிகச் சிறு பகுதியே மரத்துடன் வருகின்றது. எஞ்சியவை பழைய நிலத்திலேயே தங்கிவிடுகின்றன. மேலேயுள்ள இலைகளோ ஆவியுயிர்ப்பினால் நாள்தோறும் நீரை இழந்துகொண்டிருக்கும். வரவு குறைந்து செலவு குறையாத குடும்பத்தின் நிலை அந்த மரத்துக்கு உண்டாகின்றது. அடிமரத்தின் விட்டம் ஓர் அங்குலமாயின், கூடவே எடுக்கும் மண்திரளின் விட்டம் 10 அங்குலமேனும் இருத்தல் வேண்டும் என்பது மரம் பெயர்ப்போர் கைக்கொள்ளும் பொது விதி. அவ்விதியின்படி 3 அடி விட்டமுள்ள மரத்துக்கு 30 அடி அகலமான மண்திரளை எடுத்தல் வேண்டும். அதன் நிறை நூறு தொன்னையும் தாண்டிவிடும். முதுமரங்களைப் பெயர்ப்பது ஏன் அரிது என்பது இக்கணக்கினாலேயே புலப்படும்.

இந்த இடருக்கு யப்பானியத் தோட்டக்காரர்கள் பழங்காலத்திலேயே ஒரு வழி கண்டிருந்தார்கள். மரத்தைப் பெயர்ப்பதற்கு ஓரிரு ஆண்டுகளுக்கு முன்னரே அதைச் சுற்றி அகழி வெட்டுவர். சில வேர்களை அறுத்துவிடுவர். தாங்கி நிற்கும் பெருவேர்களை அறுக்காமல், அவற்றின் பட்டையை மட்டும் வளையமாகச் சீவி எடுப்பர். பின்னர் நல்ல மண்ணிட்டு அகழியை மூடிவிடுவர். அறுத்த இடங்களிலும் சீவிய இடங்களிலும் புதிய இளவேர்கள் கொத்துக் கொத்தாக அரும்பும். எங்கோ தொலைவிலிருந்த உறிஞ்சும் வேர்கள் இவ்வாறு அடிமரத்துக்கு அண்மையிலேயே உண்டான பின்னர்தான் மரத்தைத் தூக்குவர். வேரைச் சுற்றிச் செய்யும் இவ்வேலைக்கு நெமவாசி என்று பெயர். ஒரு காரியத்தைத் தொடங்குமுன் சம்பந்தப்பட்ட எல்லோரிடமும் பேசி இணக்கத்தைத் தேடி வைப்பதையும் யப்பானியர் இன்று அதே சொல்லாலேயே குறிக்கின்றார்கள். தோட்டத்துச் சொல் வர்த்தகத்துக்கும் அரசியலுக்கும் சென்று சேர்ந்த விதம் சுவையானது.

மரங்களைப் பெயர்த்து நடும் முயற்சி புதியதன்று. கிறித்துவுக்கு முன் பதினைந்தாம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட ஹட்செப்சுத் அரசி, பூந்த் என்னும் தேசத்திலிருந்து நறும்பிசின் தரும் மரங்களை வேரோடு கூடைகளிலே வைத்துக் கப்பலேற்றிக் கொணர்வித்தாள். அவள் கட்டுவித்த கோயிலின் சுவர்ச் சிற்பங்களில் அக்காட்சியை இன்றும் காணலாம். 1880இல் இங்கிலாந்தின் டோவர் நகரையடுத்த பக்லண்ட் என்னுமிடத்தில், தேவாலயத்தைப் பெருப்பிக்க வேண்டி, அதன் வளவில் நின்ற பழமையான யூ மரமொன்றை வில்லியம் பரன் என்னும் தோட்டக்கலைஞர் சுமார் 60 அடி தூரம் நகர்த்தி வைத்தார். அந்த மரம் இன்றும் உயிரோடிருக்கின்றது. நமது பழைய மரபோ வேறு. புத்தகயாவின் அரசமரம் இலங்கைக்கு வந்ததைக் கூறும் மகாவம்சம், அதன் கிளையொன்றே பொற்கலசத்தில் வந்து சம்புகோளத் துறையில் இறங்கியதாகச் சொல்லும். கிளை வந்து புது மண்ணில் வேர்விட்டது. தாய்மரம் தன் இடத்திலேயே நின்றது.

இனிச் சாசபேயின் தயக்கத்துக்கு வருவோம். யூ மரம் வெட்டுக்காயத்தைத் தாங்கவல்லது. சகுரா மரம் அத்தகையதன்று. வெட்டிய இடத்தினூடே பங்கசு புகுந்து மரத்தை உளுக்கச் செய்துவிடும். சகுராவை வெட்டுபவனும் மூடன், பிளம் மரத்தை வெட்டாது விடுபவனும் மூடன் என்பது யப்பானியர் வழக்கிலுள்ள பழமொழி. அத்தன்மையுடைய மரம், அதுவும் நானூறு ஆண்டு கடந்த மரம், வேரும் கிளையும் தறிக்கப்பட்டுப் பிழைக்குமா? அன்றியும், நெமவாசி செய்து ஈராண்டு காத்திருக்க அவகாசம் இல்லை. அணை வேகமாக உயர்ந்துகொண்டிருந்தது.

நம்பிக்கை கொள்ளவும் சிறிது இடமிருந்தது. சகுராவிலே பல இனங்கள் உண்டு. அங்கு நின்றது எதோஹிகன் என்னும் இனம். சகுராக்களுள் நெடுங்காலம் வாழ்வது. அதே கிபு மாகாணத்தில், இதே இனத்தைச் சேர்ந்த உசுசுமி என்னும் புகழ்பெற்ற முதுமரம் பட்டுப்போகும் நிலையை அடைந்திருந்தது. 1949இல் ஒரு பல் வைத்தியர் இருநூறுக்கும் மேற்பட்ட இளவேர்களை அதன் அடியில் ஒட்டவைத்து அதற்கு உயிரூட்டினார். உடல் முதுமையடைந்தாலும், புதிய வேர் கிடைத்தால் அது மீண்டும் தளிர்க்கும் என்பதை அந்த மரம் காட்டி நின்றது.

சாசபே ஈற்றில் இணங்கினார். இணங்கியதோடு, அண்மையிலிருந்த ஷோரென்ஜி என்னும் மற்றோர் ஆலயத்தின் முதிய சகுராவையும் கண்டு, இரண்டையுமே பெயர்க்க வேண்டும் என்றார். வேலையை நடத்தும் பொறுப்பு மசமித்சு நிவா என்னும் கைதேர்ந்த தோட்டக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. மரம் இலையுதிர்த்து உறங்குகின்ற குளிர்காலத்தை அதற்கெனத் தெரிந்தெடுத்தார்கள். 1960ஆம் ஆண்டின் இறுதியில் வேலை தொடங்கிற்று. வேர்களும் கிளைகளும் பெருமளவில் தறிக்கப்பட்டன. அவ்வாறு தறித்த பின்னரும் ஒவ்வொரு மரமும் 35 தொன்னுக்குக் குறையாத நிறையுடையதாயிருந்தது. உருக்கினாற் செய்த சறுக்குவண்டியில் அவற்றைக் கிடத்தி, புல்டோசர்கள் இழுக்க, ஏறத்தாழ 600 மீற்றர் தூரம் கொண்டு சென்றார்கள். அதுவும் சமதரையில் அன்று. எதிர்காலத்து நீர்மட்டத்துக்கு மேலே மரங்கள் நிற்க வேண்டுமாதலால், 50 மீற்றர் உயரத்துக்கு மலைச்சரிவில் ஏற்ற வேண்டியிருந்தது. டிசம்பர் 24ஆம் திகதி அவை புதிய இடத்தில் நாட்டப்பட்டன.

அப்போது பார்த்தவர்களுக்கு அவை மரங்களாகவே தோன்றியிரா. கிளையிழந்த இரண்டு பெரும் கட்டைகள் பனியிலே நின்றன. அணைக்கட்டு வேலை 1961இல் நிறைவெய்தியது. வயல்களும் வீட்டு நிலங்களும் நீருக்குள் சென்றன. அவ்வாண்டு வசந்த காலத்தில், அந்தக் கட்டைகளின் பட்டையைப் பிளந்துகொண்டு தளிர்கள் தோன்றின.

எனினும், தளிர் கண்டதும் மரம் பிழைத்துவிட்டது என்று துணிந்து கூறல் ஆகாது. பெயர்த்து நட்ட மரம் தண்டிலும் வேரிலும் சேமித்து வைத்த மாப்பொருளைச் செலவிட்டு முதல் ஆண்டில் தளிர்விடக்கூடும். புதிய மண்ணில் புதிய வேர் பரவாவிடின், அடுத்த ஆண்டிலோ அதற்கடுத்த ஆண்டிலோ அது பட்டுவிடும். பெயர்த்து நட்டபின் பல ஆண்டுகள் நீரூற்றியும், அடியிலே சருகு பரப்பி ஈரத்தைக் காத்தும், காற்றில் அசையாதவாறு முட்டுக் கொடுத்தும் பேணுதல் இதனாலேயே இன்றியமையாததாகின்றது. சோகாவாவின் இரு மரங்களும் அந்த ஆண்டுகளைக் கடந்தன. கிளை பரப்பின, பூத்தன. 1966இல் கிபு மாகாணம் அவற்றை இயற்கைச் சின்னமாகப் பிரகடனஞ் செய்தது. இன்றும் ஆண்டுதோறும் ஏப்ரில் இறுதியை ஒட்டி நீர்த்தேக்கக் கரையில் அவை பூத்து நிற்கக் காணலாம்.

நேயர்களே, உங்களில் ஒருவர் இங்கு ஒரு கேள்வி கேட்கலாம். இருநூறு குடும்பங்களை வேரோடு பெயர்த்துவிட்டு, இரண்டு மரங்களுக்கு இத்துணை உபசாரம் எதற்கு? இது நியாயமான கேள்வி. மரத்தைக் காத்ததனால் ஊரை அழித்த கடன் தீர்ந்துவிட்டதென்று எவரும் சொல்லவியலாது. மகிழ்ச்சியை வாக்களித்த அந்தப் பத்திரம் நிறைவேறியதா என்பதைப் பெயர்ந்து சென்ற ஒவ்வொருவரின் நெஞ்சமுமே கூற வேண்டும்.

ஆயினும் 1962 ஜூன் மாதத்தில் நிகழ்ந்த ஒன்றைச் சொல்லுதல் வேண்டும். மூழ்கிய ஊர்களின் நினைவாக ஒரு கல் அந்த மரங்களினருகே நாட்டப்பட்டது. திக்குத் திக்காகச் சிதறிப் போயிருந்த ஊரவர்கள் அன்று அங்கு கூடினார்கள். முதியவர்கள் மரத்தைத் தடவினார்கள். அடிமரத்தைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். வீடில்லை, வயலில்லை, சிறு வயதில் ஓடி விளையாடிய முற்றமும் இல்லை. அந்த முற்றத்திலே நின்ற மரம் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. தகாசாகியும் அன்று அங்கிருந்தார். ஈராண்டின் பின்னர், 1964இல் அவர் காலமானார்.

நகோயாவிலிருந்து கனசாவா நகருக்குச் செல்லும் நெடுஞ்சாலை அம்மரங்களினருகே செல்கின்றது. அவ்வழியே ஓடிய பஸ் வண்டியில் நடத்துநராக வேலை பார்த்தவர் ரியோஜி சாத்தோ. மரங்களைப் பெயர்த்ததையும், பின்னர் ஊரவர்கள் வந்து அழுததையும் அவர் கண்டார். அந்தக் காட்சி அவர் உள்ளத்தை விட்டு அகலவில்லை. பெருஞ்செல்வமோ அதிகாரமோ இல்லாத அம்மனிதர், தம் பஸ் செல்லும் சாலை நெடுகிலும் சகுராக் கன்றுகளை நடத் தொடங்கினார். 1977இல் தமது 47ஆம் வயதில் மறையும் வரை அவர் நட்டவை ஏறத்தாழ 2000.

இவற்றிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? நமது நாட்டிலும் வீதியை அகலமாக்கவும் கட்டடம் எழுப்பவும் முதுமரங்கள் வெட்டப்படுகின்றன. பெயர்த்து நடலாமே என்று சிலர் கேட்கின்றனர். பெயர்க்கலாம், ஆனால் வெட்டுக்கத்தி வந்து சேர்ந்த பிறகு அதை நினைப்பதிற் பயனில்லை. ஈராண்டுக்கு முன்னரே வேர்வேலை தொடங்க வேண்டும். வறண்ட பிரதேசமாயின் மாரி தொடங்கும் வேளையில் நடுதல் நன்று. பழைய இடத்தில் எவ்வளவு ஆழத்தில் நின்றதோ அதே ஆழத்திலேயே நடுதல் வேண்டும். ஆழப் புதைத்தால் வேர் மூச்சுத் திணறும். மரம் பிழைக்க வேண்டும் என்ற ஆசையால் கிளைகளை அளவுக்கு மீறித் தறிப்பதும் தீதே. புது வேர் வளர்வதற்கு வேண்டிய உணவை ஆக்குவது இலையன்றோ? தென்னை, கமுகு முதலியன அடிமரத்திலிருந்தே புது வேர்களை விடும் இயல்புடையன. ஆதலால் அவற்றைப் பெயர்ப்பது ஒப்பளவில் எளிது. ஆலும் அரசும் வெட்டைத் தாங்கும். ஏனைய முதுமரங்களுக்கோ, நிற்குமிடத்தில் நிற்கவிட்டு வீதியைச் சற்று விலக்கி அமைப்பதே பெரும்பாலும் சிறந்த வழியாகும்.

வேறு வழியே இல்லையென்று மரத்தைப் பெயர்ப்பவரும் ஒன்றை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். தூக்கிச் சென்று நாட்டுவதோடு பணி முடிவதில்லை. பெயர்ந்த மரம் பழைய வேரை நம்பி வாழ்வதில்லை. புதிய நிலத்திலே நூலளவாய்த் தோன்றும் சின்னஞ்சிறு வேர்களை நம்பியே வாழ்கின்றது. அவை பரவும் வரை அருகிருந்து பேணுபவர் வேண்டும். மனிதரைக் குடிபெயர்ப்போர் இதனை இன்னும் ஆழமாக எண்ணுதல் வேண்டும். வீடு கட்டிக் கொடுத்துச் சாவியைக் கையளித்த அன்றே குடியேற்றம் முடிந்துவிட்டதென்று கணக்கை மூடுவது, மரத்தை நட்டுவிட்டு நீரூற்றாமல் போவதை ஒக்கும்.

மவுசாகலையின் நீர் வற்றும்போது பழைய கோயிற் கற்களைத் தேடிச் செல்கின்ற நம்மவரும், மிபோரோவின் கரையில் பூத்த மரத்தைத் தேடிச் செல்கின்ற யப்பானியரும் நாடுவது ஒன்றே. இங்கொரு காலத்தில் நமது ஊர் இருந்தது என்று சொல்லுவதற்கு ஏதேனும் ஓர் அடையாளம் எஞ்சியிருக்க வேண்டும் என்று இருவருமே எண்ணுகின்றனர். உங்கள் ஊரிலும் அவ்வாறான மரம் ஒன்று நிற்கக்கூடும். அதன் வயதையும் வரலாற்றையும் அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள் என்று வேண்டி விடைபெறுகின்றேன்.